வலப்பக்கம் பார்க்கும் சேவல்

பஸ்ரியன் கழுவாத கிளாஸ் ரொறன்ரோவில் இல்லை. இதை அவரே சொல்வார். கேட்க ஆளில்லாவிட்டால் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறவருக்கும் சொல்வார்.

சும்மா சொல்லவில்லை. நகர நடுவில் ஒரு பெரிய ஹொட்டேலின் பாத்திரம் கழுவும் நிலக்கீழ் அறையில் முப்பத்திரண்டு வருடம் நின்ற மனிதர். ஊரில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எண்பத்தேழில் வந்து இறங்கியபோது ஒரு சேர்ட், ஒரு செபமாலை, அவ்வளவுதான். முதல் நாளே கார் அளவு மெஷின் ஒன்றுக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஏழாம் வருடம் அந்த அறைக்கு அவர்தான் தலைவர். கீழே ஒன்பது பேர், அதில் இரண்டு பேர் பட்டதாரிகள். வெக்ஸ்போர்ட்டில் வீடு வாங்கினார். பிள்ளைகள் மூன்று பேரையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். படித்தவர்கள் கதிரையில் இருந்து கட்டியதை பஸ்ரியன் நின்றுகொண்டே கட்டினார்.

கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒரு கிளாஸின் வாயைச் சுற்றித் தடவினால், அது எந்த மாதிரிக் கண்ணாடி, எத்தனை தரம் மெஷினுக்குள் போய் வந்தது என்று சொல்லக்கூடிய கை அவருடையது. ஓய்வுபெற்ற பிறகும் கை அடங்கவில்லை. யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் சாப்பாடு முடிந்ததும் சேர்ட் கையை மடித்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார். பெண்கள் கத்துவார்கள். இவர் விடமாட்டார்.

அந்தக் கைதான் வினை செய்தது.

மூத்தவன் றொய்சன் கட்டியது அட்சயாவை. அவளுடைய தகப்பன் செல்வரட்ணம், வோபர்னில் இருப்பவர், ஊரில் வங்கி உத்தியோகம் பார்த்தவர், அளந்து பேசுகிறவர். இவர்கள் வேதக்காரர், கத்தோலிக்கர்; அவர்கள் சைவம். அதில் ஒரு குறையும் வரவில்லை. பேரப்பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் தீட்டு நீக்கும் துடக்குக் கழிவைச் செல்வரட்ணம் தன் வீட்டில் செய்தார். அடுத்து ஞானஸ்நானம் பஸ்ரியனின் பக்கத்துக் கோவிலில் என்று பேச்சு.

செல்வரட்ணத்துக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய விஸ்கிக் கிளாஸ் சேர்ப்பது. நூறு வருடத்துக்கு மேலே, அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் வருவதற்கு முன்னால், விஸ்கி செய்கிற கொம்பனிகள் தங்கள் பெயரையும் படத்தையும் போட்டு தவறணைக் குடிக்கடைகளுக்குச் சும்மா கொடுத்த, ஒரு மிடறு மட்டும் கொள்கிற சின்னக் கிளாஸ்கள். நாற்பத்து மூன்று இருக்கிறது. வெளிச்சம் போட்ட கண்ணாடி அலுமாரியில் வரிசையாக நிற்கும். நடுவில் நின்றது ‘ஓல்ட் பெல்மோர்’ என்ற பெயரோடு, பீப்பாய் மேல் ஒரு சேவல் நிற்கிற கிளாஸ். கனடா வந்த முதல் கோடையில், யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது கால் டொலருக்கு வாங்கியது. இந்த நாட்டில் அவர் ஆசைக்கு வாங்கிய முதல் பொருள் அது.

முப்பத்தொன்றன்று ஆண்கள் எல்லோரும் வழக்கம்போல கராஜுக்குள். செல்வரட்ணம் இரண்டு மிடறு உள்ளே போன சந்தோஷத்தில் சேவல் கிளாஸைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினார். யாரோ கூப்பிட, மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பஸ்ரியன் மேசையைப் பார்த்தார். இருபது அழுக்குக் கிளாஸ். ஒரே அள்ளு. குசினிக்குள் கொண்டுபோய் மெஷினுக்குள் அடுக்கினார், இரண்டு பங்கு பவுடர் போட்டார், அதிகூடிய சூட்டில் திருகிவிட்டார். கிளாஸ்கள் பளிங்குபோல வெளியே வந்தன. அவரே துடைத்து அடுக்கிவிட்டு, “இது கழுவல்” என்று ஊருக்குக் கேட்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

இரண்டு கிழமை கழித்துத்தான் றொய்சன் வாயைத் திறந்தான்.

“அப்பா, அந்தச் சேவல் கிளாஸ் வெறுங் கிளாஸாப் போச்சு. எழுத்தும் இல்லை, சேவலும் இல்லை. உதுகளை டிஷ்வோஷரிலை போடக்கூடாதாம்.”

“ஆர் சொன்னது? கண்ணாடியிலை வெட்டின எழுத்து எப்பிடியடா போகும்?”

“வெட்டினது இல்லையாம் அப்பா. மேலாலை வெள்ளையாப் படிஞ்சு நிக்கிறதாம். சூடும் பவுடரும் பட்டாப் போயிடுமாம்.”

“நான் கழுவின கிளாஸிலை பிழை எண்டு முப்பத்திரண்டு வருஷத்திலை ஒருத்தன் சொன்னதில்லை!”

“மாமாவும் சொல்லேல்லை,” என்றான் றொய்சன். “அதுதான் பிரச்சினை.”

செல்வரட்ணம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் ஞானஸ்நானத்துக்கு வருவாரா என்று அட்சயா கேட்டபோது, “முதுகு ஒரே நோகுது பிள்ளை, பாப்பம்” என்றாராம். அறுபது வயதில் சபரிமலை ஏறிய முதுகு அது. அட்சயா போனில் அழுதாள். அப்பா வராவிட்டால் நானும் பிள்ளையோடு வரவில்லை என்றாள்.

பஸ்ரியன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் திட்டம் போட்டார். அதே மாதிரிக் கிளாஸ் ஒன்றைத் தேடிப் பிடிப்பது. ஞானஸ்நான அழைப்புக் காட் கொடுக்கிற சாட்டில் வோபர்னுக்குப் போவது. சம்பந்தி தேத்தண்ணி சொல்ல உள்ளே போகிற நேரம் அலுமாரியில் வைத்துவிட்டு வருவது. பிழை, மன்னிப்பு என்ற கதைக்கே இடமில்லை. வாழ்க்கையில் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டறியாத வாய் அது. அறுபத்தொன்பது வயதில் ஏன் பழக்கவேண்டும்?

அட்சயாவிடம் சொல்லி, கிளாஸின் பழைய படத்தைத் தன் மனைவி பேர்ணடெற்றின் போனுக்கு அனுப்புவித்தார். ஞாயிற்றுக்கிழமை லோறன்ஸ் வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் பழைய போத்தல், கிளாஸ் சேர்ப்பவர்களின் சந்தை நடக்கிறது என்று றொய்சன் கண்டுபிடித்துச் சொன்னான். காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை. ஞானஸ்நானத்துக்குச் சரியாக ஒரு கிழமை. ஞாயிற்றுப் பூசைக் கடனை இருவரும் சனி பின்னேரமே முடித்துக்கொண்டார்கள்.

ஞாயிறு எட்டரைக்கே பஸ்ரியன் மண்டபக் கதவடியில் நின்றார்.

“இன்னும் திறக்கேல்லை. காருக்குள்ளை இருந்திருக்கலாம்,” என்றாள் பேர்ணடெற்.

“முதல் போறவனுக்குத்தான் நல்ல மீன்.”

“மீனோ? உங்களுக்கு மீன் பிடிக்கவும் தெரியாது. தீவிலை பிறந்த தீவான் எண்டு பேர் மட்டும்.”

உள்ளே அறுபது மேசை இருக்கும். மருந்துப் போத்தல், சோடாப் போத்தல், பால் போத்தல், விளக்குச் சிமினி. விற்கிறவர்கள் அநேகமாக நரைத்த வெள்ளைக்காரர்கள். எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பஸ்ரியன் மேசை மேசையாகப் போனார். பேர்ணடெற் போனைத் தூக்கிப் பிடித்துச் சேவலைக் காட்டினாள். இல்லை என்று தலையாட்டினார்கள். சிலர் சிரித்தார்கள், அது கிடைப்பது கஷ்டம் என்றார்கள்.

பதினொரு மணிக்கு, தொப்பி போட்ட ஒரு மனிதரின் மேசையில் சேவல் நின்றது. பீப்பாய், சேவல், ஓல்ட் பெல்மோர். இருபத்தைந்து டொலர்.

“ஆண்டவரே!” என்றாள் பேர்ணடெற். “எடுங்கோ, எடுங்கோ, போவம்.”

பஸ்ரியன் எடுத்தார். கண்ணை மூடினார். வாயைச் சுற்றித் தடவினார். அடியை நகத்தால் தட்டினார். திரும்ப மேசையில் வைத்தார்.

“என்னப்பா?”

“நேற்றுப் பிறந்த பிள்ளை. வாய் தடிப்பு, அடி பாரம். பழசெண்டா முட்டைக் கோது மாதிரி இருக்கவேணும். படத்தைப் பாத்து ஆரோ புதுசா அடிச்சு விட்டிருக்கிறாங்கள்.”

“சம்மந்திக்குத் தெரியப்போகுதே?”

“அவருக்குத் தெரியாட்டியும் என்ரை கைக்குத் தெரியும். கள்ளப் பிள்ளையைக் கொண்டுபோய் அந்த மனிசன்ரை அலுமாரியிலை வைக்கேலாது.”

தொப்பிக்காரரைப் பார்த்து, “நியூ,” என்றார் பஸ்ரியன். அந்த மனிதர் மறுக்கவில்லை. விலைத்துண்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சின்ன எழுத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. பஸ்ரியனுக்கு வாசிக்கிற சிரமம் இல்லை, விரலே வாசித்துவிட்டது.

கடைசி வரிசையில் டொறத்தி என்ற கிழவி இருந்தாள். எண்பது தாண்டியிருக்கும். அவளுடைய மேசைக்குக் கீழே ஒரு காட்போட் பெட்டி நிறையச் சின்னக் கிளாஸ்கள், ஒன்றிலும் எழுத்தில்லை. ஒன்று ஒரு டொலர்.

பஸ்ரியன் ஒன்றை எடுத்தார். முட்டைக் கோது. அசல் பழசு. வாயில் பொன் கோடு தேய்ந்த அடையாளம். ஆனால் மொட்டை.

“வொய்?” என்று கேட்டார்.

கிழவி ஒரு சொல்லில் பதில் சொன்னாள். “டிஷ்வோஷர்.”

பிறகு விரித்துச் சொன்னாள். கலியாணம் முடித்து வந்த மருமக்கள், தாய்மாரைப் பார்க்க வந்த மகள்மார், உதவி செய்கிறோம் என்று வந்த விருந்தாளிகள், எல்லோரும் நல்ல மனதோடுதான் மெஷினுக்குள் போட்டார்கள். கெட்ட மனதோடு ஒருவரும் கிளாஸ் கழுவுவதில்லை. இந்தப் பெட்டியில் பாதி தன் கையால் அழிந்தது என்றாள். செத்துப்போன புருஷன் ஒரு மாதம் தன்னோடு பேசவில்லையாம்.

பேர்ணடெற் தமிழில் மெதுவாகச் சொன்னாள்: “கேட்டனீங்களே? ஒரு மாசம்.”

பஸ்ரியன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஹொட்டேலின் மேல்மாடி பாரில் ஒரு பழைய அலுமாரி இருந்தது. வருடத்தில் ஒருதரம் அதிலிருந்தவற்றையெல்லாம் கீழே இறக்குவார்கள். அவர் கழுவி அனுப்புவார். ஒருமுறை மனேஜர் வந்து ஒரு சின்னக் கிளாஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். தன் கழுவலைக் கண்டு வாயடைத்துப் போனார் என்றுதான் இருபது வருடம் கதை சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

“பேர்ணி, அந்தப் படத்தைக் காட்டு,” என்றார், குரல் இறங்கி.

டொறத்தி படத்தைப் பார்த்தாள். குனிந்து, பின்னாலிருந்த மரப்பெட்டியைத் திறந்து, கடதாசி சுற்றிய ஒன்றை எடுத்து அவிழ்த்தாள். சேவல். பஸ்ரியன் தொட்டார். அசல்.

எவ்வளவு என்றதற்கு விற்பனைக்கு இல்லை என்றாள். நூறு என்றார். இல்லை. இருநூறு என்றபோது பேர்ணடெற் அவருடைய முதுகில் கிள்ளினாள். கிழவி சிரித்தாள். காசுக்குக் கொடுப்பதில்லை, மாற்றுக்குத்தான் என்றாள். உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

பஸ்ரியனிடம் என்ன இருக்கிறது? கார்ச் சாவி, செபமாலை, இரண்டு கை.

அப்போதுதான் மேசை ஓரத்தில் அந்தப் போத்தலைக் கண்டார். கழுத்து நீண்ட, வயிறு பருத்த, விஸ்கி ஊற்றி மேசையில் வைக்கிற கண்ணாடிப் போத்தல். உள்ளே முழுக்கப் பால்போல வெண்மை. புருஷனுடையது, கண்ணாடிக்கு நோய் பிடித்துவிட்டது, யாராலும் தீர்க்க முடியவில்லை என்றாள் டொறத்தி. பஸ்ரியன் சுண்டுவிரலை உள்ளே விட்டு, நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“ஐயோ, சனம் பாக்குது!” என்றாள் பேர்ணடெற்.

“இது நோயில்லையப்பா. தண்ணிச் சுண்ணாம்பு. ஆரோ தண்ணி விட்டு வருஷக்கணக்கா வைச்சிருக்கினம். ஓடிப்போய் முன்னுக்குத் தமிழ்க் கடையிலை அரைக் கிலோ பச்சையரிசி வாங்கிவா.”

“ஞாயிற்றுக்கிழமை பொங்கப் போறியளோ?”

“வாங்கிவாவன், மனிசி!”

மண்டபத்துக் குசினியில் உருளைக்கிழங்குப் பொரியலுக்கு வினாகிரி இருந்தது. இளஞ்சூட்டுத் தண்ணீர், வினாகிரி, இரண்டு பிடி அரிசி. பஸ்ரியன் சேர்ட் கையை மடித்தார். போத்தலின் வாயை உள்ளங்கையால் பொத்திக் குலுக்கினார். அடித்துக் குலுக்கவில்லை, குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி, அரிசி கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி ஓட. ஊற்றினார், மாற்றினார், மறுபடி குலுக்கினார். ஒரு மணித்தியாலம். தொப்பிக்காரர் வந்து பார்த்தார். வேறு நாலைந்து பேரும் வந்தார்கள். பஸ்ரியன் அவர்களுக்குத் தன் அரைகுறை ஆங்கிலத்தில் “தேர்ட்டி டூ இயர்ஸ்! நைன் பீப்பிள் அண்டர் மீ!” என்று சரித்திரம் சொல்லிக்கொண்டே குலுக்கினார். பேர்ணடெற் வெட்கத்தில் யன்னலைப் பார்த்தாள். ஆனால் பக்கத்தை விட்டு அசையவில்லை.

கடைசித் தரம் ஊற்றித் துடைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். கழுத்தடியில் ஒரு மெல்லிய வளையம் போக மறுத்து நின்றது. மீதி எல்லாம் வெளித்திருந்தது. அதற்குள்ளால் டொறத்தியின் முகம் தெரிந்தது. கிழவி போத்தலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சேவலைக் கடதாசியில் சுற்றி அவர் கையில் வைத்தாள். ஒரேயொரு நிபந்தனை என்றாள். இதைக் கழுவக்கூடாது.

பேர்ணடெற் சிரித்த சிரிப்பு மண்டபத்தின் மறு மூலை வரை கேட்டது.

காரில் பஸ்ரியன் ராசாபோல இருந்தார். “பாத்தியே? படிச்ச வெள்ளைக்காரர் அறுபது பேர் நிக்க, ஆர் தீர்த்தது? ஆறாம் வகுப்பு!” பேர்ணடெற் மடியில் கிளாஸை அவிழ்த்து வைத்து, போனிலிருந்த படத்தோடு பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“இஞ்சை பாருங்கோ.”

“என்ன?”

“அந்தச் சேவல் வலப்பக்கம் பாக்குது. இது இடப்பக்கம் பாக்குது.”

சிவப்பு விளக்கில் நிறுத்தி, பஸ்ரியன் பார்த்தார். உண்மைதான். பீப்பாய் அதே பீப்பாய். எழுத்து அதே எழுத்து. சேவல் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. அவசரத்தில் இருவருமே கவனிக்கவில்லை. கொம்பனி இரண்டு விதமாக அடித்திருக்கிறது.

பச்சை விழுந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். பஸ்ரியன் அசையவில்லை. இதை அலுமாரியில் சத்தமில்லாமல் வைக்க முடியாது. முப்பத்தைந்து வருடம் வலப்பக்கம் பார்த்த சேவல் ஒரே நாளில் இடப்பக்கம் திரும்பினால் செல்வரட்ணத்துக்குத் தெரியாதா?

“வீட்டை போவமோ?” என்றாள் பேர்ணடெற். கேலி இல்லாத குரல்.

பஸ்ரியன் காரை வோபர்ன் பக்கம் திருப்பினார்.

கதவைத் திறந்த செல்வரட்ணம் முதுகில் கையை வைத்துக்கொண்டார். “வாங்கோ சம்மந்தி. சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறியள்.” முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. அவருடைய மனைவி வெளியே போயிருந்தாள். மூவரும் உட்கார்ந்தார்கள். அலுமாரியில் விளக்கு எரிந்தது. நடுவில் அந்த மொட்டைக் கிளாஸ், பழைய இடத்திலேயே நின்றது.

பஸ்ரியன் தொண்டையைச் செருமினார். “சம்மந்தி, நான் முப்பத்திரண்டு வருஷம்...” என்று தொடங்கினார். பேர்ணடெற் அவரைப் பார்த்தாள். அவர் நிறுத்தினார். கடதாசிப் பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

“அண்டைக்கு நான்தான் கழுவினனான். எல்லாம் தெரியும் எண்ட தடிப்பிலை பாக்காமல் போட்டிட்டன். பிழை என்ரை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

சொல்லி முடித்ததும், சுமை இறக்கியவர் மாதிரி மூச்சு வாங்கினார்.

செல்வரட்ணம் மேசைப் பக்கம் குனிந்தார். பொட்டலத்தை அவிழ்த்தார். எழுந்து விளக்கடியில் பிடித்தார். சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

“இது வேறை,” என்றார். “இது இடப்பக்கம் பாக்குது.”

“ஓம். தெரியும்.”

“இப்பிடியும் ஒண்டு இருக்கெண்டு புத்தகத்திலைதான் பாத்தனான். இவ்வளவு காலத்திலை கண்ணாலை காணேல்லை. எங்கை பிடிச்சனீங்கள்?”

பஸ்ரியன் வாயைத் திறக்குமுன் பேர்ணடெற் முழுவதையும் சொன்னாள். பச்சையரிசி, நாக்கு, கள்ளப் பிள்ளை, டொறத்தியின் நிபந்தனை. நிபந்தனையைக் கேட்டதும் செல்வரட்ணம் சிரித்தார். முதுகிலிருந்த கையை எடுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு அலுமாரியைத் திறந்தார். புதுச் சேவலை நடுவில் வைத்தார். மொட்டைக் கிளாஸை வெளியே எடுத்தார். ஒரு போத்தலைக் கொண்டுவந்து, அதற்குள் ஒரு மிடறு விஸ்கி ஊற்றி, பஸ்ரியன் முன்னால் வைத்தார்.

“குடியுங்கோ.”

“இதுக்கையோ?”

“முப்பத்தைஞ்சு வருஷம் இதுக்கை ஒரு சொட்டு விடேல்லை. எழுத்துப் போயிடும் எண்ட பயம். இனி என்ன பயம்? கிளாஸ் எண்டா குடிக்கத்தானே.”

பஸ்ரியன் குடித்தார். செல்வரட்ணம் அதே கிளாஸில் தனக்கும் ஒன்று ஊற்றிக் குடித்தார். பேர்ணடெற் யன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள்.

“ஞானஸ்நானம் எத்தினை மணிக்கு?”

“பன்னிரண்டரைக்கு, சம்மந்தி.”

“நாங்கள் வேட்டியோடை வரலாமோ உங்கடை கோவிலுக்கு?”

“நீங்கள் என்னத்தோடையும் வாங்கோ.”

வெறுங் கிளாஸ் மேசையில் இருந்தது. பஸ்ரியனின் கை, பழக்க தோஷம், அதை நோக்கி நீண்டது. செல்வரட்ணம் முந்திக்கொண்டார்.

“இருங்கோ சம்மந்தி. நான் கழுவுறன்.”

குசினியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்தே பஸ்ரியனுக்குத் தெரிந்தது: பச்சைத் தண்ணீர், சவர்க்காரம் போதாது, உள்ளே விரல் விட்டுத் தேய்க்கவில்லை. நெற்றி சுருங்கியது. கதிரையின் நுனிக்கு வந்தார். பேர்ணடெற் அவர் முழங்காலில் கையை வைத்தாள்.

பஸ்ரியன் மடிக்கத் தொடங்கிய சேர்ட் கையை இறக்கிவிட்டார். சாய்ந்து உட்கார்ந்தார்.